அழற்சித் தசைநோய்க்குத் தசை பயாப்சி: கத்தி முதல் கண்ணாடி வரை

"நாள்பட்ட அழற்சி. லிம்போசைட்டுகள் உள்ளன. பாலிமயோசிட்டிஸாக இருக்கலாம்." தசை பயாப்சி (வெட்டியெடுத்த தசைத் துண்டின் சோதனை) ரிப்போர்ட், லிம்போசைட் என்ற வெள்ளணுவையும் பாலிமயோசிட்டிஸ் என்ற தசை அழற்சி நோயையும் மட்டும் சொல்லி இப்படி ஒற்றை மூச்சில் வந்தால் அதை வைத்து வைத்தியம் தொடங்க முடியாது. தோலையும் தாக்கும் டெர்மட்டோமயோசிட்டிஸும் அந்த வரிக்குள் அடங்கும், பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் இன்க்ளூஷன் பாடி மயோசிட்டிஸும் அடங்கும், தசை நாரின் உறைக்குத் தேவையான டிஸ்ஃபெர்லின் புரதம் பிறவியிலேயே இல்லாத இளைஞரும் அடங்குவார். முதலாமவருக்கு ஸ்டீராய்டு வேலை செய்யும். மற்ற இருவருக்கும் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும்தான் மிஞ்சும். லிம்போசைட் இருக்கிறதா என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்து நாரை என்ன செய்திருக்கிறது என்று எழுதுவதுதான் பயனுள்ள ரிப்போர்ட்.

அப்படி எழுத முடியாமல் போவதற்கான காரணத்தில் பாதி நுண்ணோக்கிக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தப்பான தசை, ஊசி குத்திய இடம், உப்புத் தண்ணீரில் மிதந்து வந்த துண்டு என்று அது பல வகை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் பயாப்சி எடுத்து, உறையவைக்கும் வசதியுள்ள லேபுக்கு வண்டியில் அனுப்புகிறவர்களை மனதில் வைத்து இந்தக் குறிப்பு எழுதப்பட்டது. அதனால் முன்வேலைக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எடுக்கத்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். விரல் முட்டிகளின் மேல் காட்ரன் தடிப்பு, மேலிமையில் ஊதா நிறம், தோளிலும் இடுப்பிலும் பலக்குறைவு, சிகே (தசை சிதையும்போது இரத்தத்தில் ஏறும் என்சைம்) உயர்வு எல்லாம் சேர்ந்திருந்தால் அது டெர்மட்டோமயோசிட்டிஸ். சந்தேகம் இருந்தால் தோல் பயாப்சி போதும். ஒரு எச்சரிக்கை: நம்மூர் நிறத்தில் அந்த ஊதா, பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோலத் தெரியாது. கருமையாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ இருக்கும். காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்கிறவரையும் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவரையும் கேட்டால் "வெயில்ல கறுத்துட்டேன் டாக்டர்" என்றுதான் பதில் வரும். வெயில் படாத தொடையின் வெளிப்பக்கத்தையும், இமை மடிப்பையும், நகக்கண்ணையும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எச்எம்ஜிசிஆர் அல்லது எஸ்ஆர்பி எதிர்ப்பொருள் (உடலின் சொந்தப் புரதத்துக்கு எதிராக இரத்தத்தில் உண்டாவது) தெளிவாகப் பாசிட்டிவ், சிகே ஆயிரங்களில், பலக்குறைவும் பொருந்துகிறது என்றால், 2016-ல் கூடிய ஐரோப்பிய நரம்புத்தசை மையத்தின் 224-வது பட்டறை வகுத்த அளவுகோல்படி, பயாப்சி இல்லாமலே நெக்ரோடைசிங் மயோபதி (நார்கள் செத்துப்போகும் தசைநோய்) என்று சொல்லிவிடலாம். ஆனால் பல எதிர்ப்பொருள்களை ஒன்றாகப் பார்க்கும் லைன் பிளாட் சோதனைப் பட்டைகள் பலவற்றில் எச்எம்ஜிசிஆர் கிடையாது. தனியாக எலைசா சோதனை கேட்டு வாங்க வேண்டும். லைன் பிளாட்டில் மங்கலாக விழுந்த கோட்டை நம்பி பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தோலில் ஒன்றும் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை அல்லது மங்கல், வயது 45-க்கு மேல், ஸ்டீராய்டுக்கு அசையவில்லை, குடும்பத்தில் இன்னொருவருக்கும் தொந்தரவு உண்டு: பயாப்சி தேவைப்படுவது இவர்களுக்கு. அதற்கு முன் டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), பொட்டாசியம், கால்சியம், வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவு மட்டுமே சிகேயை ஏற்றி, படியேற முடியாமல் செய்யும். 200 ரூபாய் சோதனையை விட்டுவிட்டுத் தொடையைக் கீறுவது நியாயமில்லை.

எந்தத் தசை, எந்தப் பக்கம்

பலம் 5-க்கு 4 இருக்கும் தசைதான் சரியானது. முழுப் பலமுள்ள தசையில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். 2-க்கு இறங்கிவிட்ட தசையில் கொழுப்பும் வடுவும்தான் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் எல்லா நோயும் ஒரே மாதிரி இருக்கும். தொடையின் வாஸ்டஸ் லேட்டரலிஸ், மேற்கையின் பைசெப்ஸ், தோளின் டெல்டாய்டு மூன்றும் பழகிய தசைகள். இவற்றின் இயல்பான அமைப்பு லேபுக்கு அத்துப்படி. கெண்டைக்கால் தசையைத் தவிர்ப்பது நல்லது. முதுகு நரம்பு அழுத்தத்தால் வரும் மாற்றம் அங்கே தானாகவே இருக்கும், அதுவே படிப்பவரைக் குழப்பும். தசைநாண் சேரும் முனைக்குப் பக்கத்தில் எடுத்தாலும் நார்களின் நடுவே உட்கருக்களும் அளவு வேறுபாடும் இயல்பாகவே தெரியும். தசையின் பருத்த நடுப்பகுதியிலிருந்தே எடுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்க முடிந்தால் இரண்டு தொடைகளையும் ஸ்டிர் (கொழுப்பை மறைத்து நீரை வெள்ளையாகக் காட்டும்) வரிசையில் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளையாக மின்னும் இடத்தில் அழற்சி உயிரோடு இருக்கிறது. டி1 என்ற இன்னொரு வரிசையில் வெள்ளை என்றால் அது கொழுப்பு, அங்கே போகாதீர்கள்.

இஎம்ஜி (தசையின் மின்னோட்டச் சோதனை) ஊசி குத்திய தசையில் சில வாரங்களுக்கு பயாப்சி கூடாது. ஊசி போன வழியில் செத்த நாரும் அதைத் தின்ன வந்த மேக்ரோபேஜும் இருக்கும். நெக்ரோடைசிங் மயோபதியை அச்சு அசலாக நடிக்கும். முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது சுலபம்: இஎம்ஜி வலப்பக்கம், பயாப்சி இடப்பக்கம்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது கிளினிக் ஊசி. உடம்பு வலி என்றால் தெருமுனை கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டுடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வது இங்கே வழக்கம். பலக்குறைவோடு வருகிறவர் அதற்கு முந்தைய மாதத்தில் நாலைந்து ஊசியாவது போட்டிருப்பார். டிக்ளோஃபெனாக்கோ வைட்டமினோ, தசைக்குள் போன ஊசி சிகேயை ஏற்றும், அந்த இடத்தில் நாரைச் சாகடிக்கும். "ஊசி போட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றே வரும், ஊசியை மருந்தாக யாரும் கணக்கில் வைப்பதில்லை. "எந்தக் கையில போட்டாங்க?" என்று கேளுங்கள், கை தானாக நீளும். டெல்டாய்டைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குள்ள தயக்கம் இதனால்தான்.

ஸ்டீராய்டுக்கு முன்னா பின்னா?

முன்பே எடுப்பது நல்லது. சில வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டால் லிம்போசைட் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் கற்றை ஓரத்து நார்கள் மெலிந்தது உடனே திரும்பாது, நாரின் மேல் ஏறிய எம்எச்சி-1-ம் (அழற்சியில் நாரில் தெரியும் புரதம்) சட்டென்று இறங்காது. விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்கிறவருக்கு பயாப்சிக்காக மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம். மருந்தைத் தொடங்குங்கள், சில நாட்களுக்குள் துண்டை எடுங்கள். எத்தனை நாள், எத்தனை மில்லிகிராம் என்று படிவத்தில் எழுதுங்கள். கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரைப் பட்டையையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் அதற்குள் இருப்பது அபூர்வம் இல்லை.

பிளேட்லெட் 50,000-க்கு மேல், ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தின் கணக்கு) 1.5-க்குக் கீழ் இருக்க வேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவரின் இரத்தக் கட்டித் தடுப்பு மாத்திரையான க்ளோபிடோக்ரெலை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வெட்டும்போது

1 சதவீத லிக்னோகெய்ன் 5 முதல் 8 மில்லி, தோலுக்கும் அதன் கீழுள்ள கொழுப்புக்கும் மட்டும். தசைக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது, மருந்தே நாரைச் சிதைத்துவிடும். மேலுறையைத் திறக்கும்போதும் தசையை வெட்டும் அந்தக் கணத்திலும் வலிக்கும். "இப்ப சுண்டி இழுக்கும், ரெண்டு செகண்டு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி காலை உதற மாட்டார்.

தசையின் நீளவாக்கில் 3 முதல் 4 சென்டிமீட்டர் கீறல். மேலுறையைப் பிரித்து, நார் ஓடும் திசை கண்ணில் பட்ட பிறகு, அதற்கு இணையாக இரண்டு வெட்டு, பிறகு இரு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு வெட்டு. 1 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் தடிமனில் இரண்டு துண்டாவது வேண்டும், மூன்று கிடைத்தால் நிம்மதி. அழற்சி திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். ஒரே துண்டில் எதுவும் இல்லாததை வைத்து நோயில்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பெரிமைசியமும், அதாவது கற்றைகளுக்கு நடுவிலுள்ள வெள்ளைத் தடுப்பும், சேர்ந்து வரட்டும். டெர்மட்டோமயோசிட்டிஸும், ஜோ-1 போன்ற எதிர்ப்பொருளோடு வரும் ஆன்டிசிந்தட்டேஸ் நோயும் அங்கேதான் தடயம் வைக்கின்றன.

துண்டு வெளியே வரும்வரை, சூட்டால் இரத்தத்தை நிறுத்தும் காட்டரியைத் தொடாதீர்கள். பல்லுள்ள ஃபோர்செப்ஸால் நடுவில் பிடிக்காதீர்கள். முனையில் மட்டும் பிடித்து, அந்த முனையைப் பிறகு கழித்துவிடலாம். நசுங்கிய தசையில் உட்கருக்கள் நீல மையாக இழுபட்டுக் கிடக்கும், சூட்டில் வெந்த தசையில் எதுவுமே தெரியாது.

மேலுறையைத் தைத்து, தோலை மூடி, 5 நிமிடம் அழுத்திப் பிடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். மறுநாளே நடக்கலாம். ஒரு வாரத்துக்கு மூட்டை தூக்கக் கூடாது, வலை இழுக்கக் கூடாது. தையல் 10-வது நாள் பிரிக்கலாம், ஸ்டீராய்டில் இருப்பவருக்கு 14 நாள் விடுவது நல்லது.

வண்டியில்

மீன் தெரிந்த ஊரில் இதை விளக்குவது சுலபம். மீனைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சதை வெளுத்து ஊதிவிடும், வெறும் வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும், ஐஸோடு நேராக ஒட்டிக்கிடந்தால் அந்தப் பக்கம் உறைந்து கெட்டுவிடும். தசைத் துண்டுக்கும் இதே மூன்று ஆபத்துதான்.

காஸ் துணியை நார்மல் சலைனில் நனைத்து, சொட்டுவது நிற்கும்வரை இறுக்கிப் பிழியுங்கள். துண்டை அதில் சுற்றி, திருகுமூடி போட்ட உலர்ந்த சிறு டப்பாவில் வைத்து மூடுங்கள். டப்பாவை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை நொறுக்கிய ஐஸ் நிரப்பிய தெர்மகோல் பெட்டிக்குள் வைக்க வேண்டும். டப்பாவுக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு மடிப்புத் துணி இருக்கட்டும். ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்த ஜெல் பேக்கை ஒட்டி வைத்தால் துண்டு மெதுவாக உறையத் தொடங்கும், அதைவிடக் கெடுதல் வேறில்லை. சலைன் பாட்டிலுக்குள் மிதக்கவிட்டு அனுப்புவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. நார்களுக்கு நடுவே நீர் புகுந்து இடைவெளி பெரிதாகும், நாருக்குள் ஓட்டைகள் தெரியும், ரிப்போர்ட்டில் "வீக்கம்" என்று ஏறிவிடும்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உறையவைப்பது நல்லது. குளிரில் ஒழுங்காக வைத்திருந்தால் சில மணி நேரம் தாங்கும். எண்ணூரிலிருந்து சென்ட்ரல் பக்கம் வருகிற வண்டி கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டினால் ஒரு மணி நேரம் கணக்கே இல்லை. மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றுவழிதான். அதனால் பயாப்சியைக் காலை முதல் கேஸாகப் போடுங்கள், லேபுக்கு முந்தின நாளே போன் செய்யுங்கள். மாலை 4 மணிக்கு எடுத்த துண்டை வாங்கி உறையவைக்க ஆள் இருக்க மாட்டார். திரவ நைட்ரஜனும் தினமும் இருப்பு இருக்கும் பொருள் இல்லை.

மூன்றாவது துண்டு இருந்தால் 10 சதவீத ஃபார்மலினில் போடலாம், அழற்சித் திட்டைத் தேட அது உதவும். எடுத்த உடனே போட்டால் நார் சுருண்டு பட்டை பட்டையாகக் கெட்டிப்படும். ஈரத் துணியில் சில நிமிடம் அடங்கவிட்டுப் போடுங்கள். 1 மில்லிமீட்டர் அளவு துணுக்கு, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காகப் பதப்படுத்தும் க்ளூட்டரால்டிஹைடுக்கு. மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் என்சைம் சாயம் எதுவும் செய்ய முடியாது. அந்த பயாப்சி பாதி போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உறையவைத்தல்

துண்டின் ஈரத்தை வடிகட்டித் தாளில் ஒற்றி எடுங்கள். லென்ஸ் வைத்து நார் ஓடும் திசையைக் கண்டுபிடித்து, கார்க் வட்டின் மேல் நார் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்துங்கள். கரும்புக் கட்டை நிறுத்திவைத்து மேலிருந்து பார்ப்பதுபோல, வெட்டினால் ஒவ்வொரு நாரும் வட்டமாகத் தெரிய வேண்டும். அடியில் மட்டும் ஓசிடி பசை. தலைவரை பூசினால் அதுவே போர்வையாகி உறைவதைத் தாமதப்படுத்தும்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அதில் நேராக முக்கினால் துண்டைச் சுற்றி வாயுப் படலம் உண்டாகிக் குளிர் உள்ளே போவதைத் தடுக்கும். அதனால் நடுவில் ஐசோபென்டேன். உலோகக் குவளையில் ஊற்றி நைட்ரஜனுக்குள் தொங்கவிட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். அடியில் வெள்ளையாகக் கட்டி, மேலே பாகுபோலக் குழகுழப்பாக வரும்போது அது ஏறத்தாழ மைனஸ் 160. அப்போது கார்க்கைக் கவிழ்த்து முக்கி, 10 முதல் 15 விநாடி அசைத்துக்கொண்டே இருந்து எடுங்கள்.

சென்னையில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: ஐசோபென்டேன் கொதிப்பது 28 டிகிரியில். நம் அறை வெப்பத்தில், ஏசி இல்லாவிட்டால், திறந்த பாட்டில் கொதித்து ஆவியாகும், எளிதில் தீப்பிடிக்கும். தீப்பொறி வராத வகைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். திறக்கும்போது பக்கத்தில் பர்னர், ஸ்விட்ச் எதுவும் இயங்கக் கூடாது.

மெதுவாக உறைந்த துண்டில் பனிப்படிகம் நாரைக் குத்திக் குத்தி சல்லடையாக்கிவிடும். அதை வாகுவோல் (நோயால் நாருக்குள் உண்டாகும் ஓட்டை) என்று படித்தவர்களும் உண்டு. எல்லா நாரிலும், ஒரே மாதிரி, காலி ஓட்டையாக இருந்தால் அது பனி. அப்படி வந்தால் துண்டைத் தூக்கிப்போட வேண்டாம். அறை வெப்பத்தில் முழுக்க இளகவிட்டு, ஈரத்தை ஒற்றி, சரியான குளிரில் மறுபடி உறையவைத்தால் பல சமயம் படிக்கும் அளவுக்குத் தேறும்.

கிரையோஸ்டாட் (உறைந்த துண்டைச் சீவும் கருவி) மைனஸ் 20 முதல் 25-ல் இருக்க, 8 முதல் 10 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். எச்-ஈ, எங்கலும் கன்னிங்ஹாமும் 1963-ல் மாற்றியமைத்த கோமோரி ட்ரைக்ரோம், என்ஏடிஎச், எஸ்டிஎச், காக்ஸ், ஏடிபேஸ், ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் அடிப்படைச் சாயங்கள். பிறகு இம்யூனோ, அதாவது குறிப்பிட்ட புரதங்களை எதிர்ப்பொருளால் காட்டும் சாயங்கள்: எம்எச்சி-1, எம்எச்சி-2, சிடி3, சிடி8, சிடி20, சிடி68, சி5பி-9, எம்எக்ஸ்ஏ, பி62. கையில் காசு குறைவு, நாலு மட்டும்தான் செய்ய முடியும் என்றால் எம்எச்சி-1, சிடி8, எம்எக்ஸ்ஏ, பி62 என்று நாங்கள் தேர்ந்தெடுப்போம்.

கண்ணாடியைப் படிப்பது

முதலில் 4 எக்ஸ் லென்ஸிலேயே இருங்கள். 40-க்குப் பாய்கிறவர்கள்தான் ஓரத்தைத் தவறவிடுகிறார்கள். கரும்புக் கட்டுகள் அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு கட்டும் ஒரு கற்றை, ஒவ்வொரு கரும்பும் ஒரு நார். கேட்க வேண்டியது ஒன்றே: பாதிப்பு கட்டின் ஓரத்திலா, நடுவிலா, எங்கும் தெளித்தாற்போலவா?

இயல்பான நார் பலகோணமாக, பெரியவர்களுக்கு 40 முதல் 80 மைக்ரான் விட்டத்தில், உட்கருக்களை ஓரத்தில் வைத்துக்கொண்டிருக்கும். நடுவில் உட்கரு உள்ள நார்கள் 100-ல் 3 வரை பரவாயில்லை. எம்எச்சி-1 இயல்பான தசையில் தந்துகிகளில் மட்டும் புள்ளியாகத் தெரியும். நாரின் சுற்றுக்கோடு பழுப்பாக எழுந்தால் ஏதோ நடக்கிறது.

ஓரத்து நார்கள் வரிசையாக மெலிந்து, நடு நார்கள் நன்றாக இருந்தால் டெர்மட்டோமயோசிட்டிஸ். தந்துகிகள் அழிந்து போவதும், ஓரத்து நார்களில் இன்டர்ஃபெரான் (நோயெதிர்ப்புச் செய்திப் புரதம்) வகை 1-ன் தூண்டலும் இதன் பின்னால் இருக்கின்றன. லிம்போசைட்டுகள் பெரிமைசியத்தில் இரத்தக் குழாயைச் சுற்றி நிற்கும், அவற்றில் பி செல், சிடி4 என்ற வகைகள் அதிகம். சி5பி-9 (செல் உறையைத் துளைக்கும் நோயெதிர்ப்புப் புரதத் திரள்) தந்துகிச் சுவரில் படியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தந்துகியின் உட்சுவர் செல்லுக்குள் நெளிநெளியான குழாய்த் திரள் தெரியும். ஆனால் இந்த ஓர மெலிவு ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் இருக்கும். இன்டர்ஃபெரானால் ஏறும் புரதமான எம்எக்ஸ்ஏவுக்குச் சாயம் வந்த பிறகுதான் மீதிப் பேரில் பலர் பிடிபட்டார்கள். 2017-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் ஓர மெலிவு 47 சதவீதத்தினரிடமும், எம்எக்ஸ்ஏ 71 சதவீதத்தினரிடமும் தெரிந்தது, இரண்டுமே மற்ற நோய்களில் அபூர்வம். எம்டிஏ5 எதிர்ப்பொருள் உள்ளவரின் தசை ஏறத்தாழ இயல்பாகவே இருக்கலாம். நுரையீரலைப் பாருங்கள், தசை நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

ஓரம்தான், ஆனால் நார்கள் மெலியாமல் செத்துக் கிடக்கின்றன என்றால் ஆன்டிசிந்தட்டேஸ் நோயை நினையுங்கள். பெரிமைசியம் கிழிந்த நார்த்துணிபோலப் பிரிந்திருக்கும், ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் சாயத்தில் அது எழுந்து நிற்கும். எம்எச்சி-2 ஓரத்து நார்களில் ஏறும், எம்எக்ஸ்ஏ பொதுவாக ஏறாது. இந்தச் சேர்க்கையை மேலே உள்ளதிலிருந்து பிரித்து எழுதுவது நோயாளிக்குப் பெரிய உதவி. ஜோ-1 சோதனையும் நெஞ்சு சிடி ஸ்கேனும் அன்றைக்கே கேட்கப்படும்.

எங்கும் தெளித்தாற்போல ஒற்றை ஒற்றையாக நார்கள் செத்திருக்கின்றன, ஒன்று வெளிறி, அடுத்தது மேக்ரோபேஜ் நிரம்பி, இன்னொன்று நீலம் பாய்ந்து பெரிய உட்கருவோடு மீண்டு வருகிறது. லிம்போசைட்டுகளோ கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். இது நெக்ரோடைசிங் மயோபதி. செத்த நார்கள் வெவ்வேறு கட்டத்தில் இருப்பது முக்கியம். எல்லாம் ஒரே கட்டத்தில் என்றால் ஒரே நாளில் நடந்த ராப்டோமயோலைசிஸ் (தசை திடீரென்று சிதைவது) போன்ற ஒன்றை நினைக்க வேண்டும். சாகாத நார்களில் பி62 (செல்லின் கழிவகற்றும் வேலையில் பங்குள்ள புரதம்) மெல்லிய பொடித் தூவல்போலப் பரவியிருக்கும், சி5பி-9 நாரின் உறையில் படியும், எம்எச்சி-1 மங்கலாகவோ திட்டாகவோ இருக்கும். ஸ்டாடின் (கொலஸ்டிரால் குறைக்கும் மாத்திரை) சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்தினால் போதும் என்று விட்டுவிட முடியாது, எச்எம்ஜிசிஆர் எதிர்ப்பொருள் வந்துவிட்டால் நிறுத்திய பின்னும் நோய் ஓடும்.

இனி இன்க்ளூஷன் பாடி. யூனிஸும் சமாஹாவும் 1971-ல் பெயர் வைத்த இந்த நோய்தான் பாலிமயோசிட்டிஸ் என்ற பெயரில் அதிகம் ஒளிந்திருப்பது. இங்கே சிடி8 லிம்போசைட்டுகள் கற்றைக்குள்ளேயே, எண்டோமைசியத்தில் (நாருக்கும் நாருக்கும் நடுவே), சாகாத நல்ல நாரைச் சுற்றி வளைத்து உள்ளே துளைத்துக்கொண்டு போகும். எம்எச்சி-1 எல்லா நாரிலும் பளிச்சென்று இருக்கும். விளிம்புள்ள வாகுவோல் கோமோரியில் சிவப்பு ஓரத்தோடும், எச்-ஈயில் நீலப் பொடி ஓரத்தோடும் தெரியும். ஒரு வெட்டில் காணவில்லை என்று விட்டுவிடாதீர்கள், இன்னும் ஆழமாக இரண்டு மூன்று மட்டத்தில் வெட்டிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் பக்கச் சாட்சிகளைக் கூப்பிடுங்கள்: பி62, டிடிபி-43 புரதங்கள் கட்டி கட்டியாகத் திரண்டிருக்கின்றனவா? காக்ஸ்-எஸ்டிஎச் இரட்டைச் சாயத்தில் நீல நார்கள் (காக்ஸ் என்சைம் இல்லாதவை) வயதுக்கு மீறி நிறைய இருக்கின்றனவா? 50 வயதைத் தாண்டியவருக்கு ஒன்றிரண்டு நீல நார் இயல்பு, கண் பட்ட இடமெல்லாம் என்றால் இயல்பில்லை.

இந்த நோயை படுக்கையருகேயே சந்தேகப்படலாம். இடுப்பை மடக்குவதைவிட முழங்காலை நீட்டுவது பலவீனம், தோளைத் தூக்குவதைவிட விரலை மடக்குவது பலவீனம், சிகே இயல்பின் 15 மடங்கைத் தாண்டாது. "வாளி கைப்பிடி நழுவுது, பஸ் படியில முட்டி மடங்கிடுது" என்று 60 வயதுக்காரர் சொன்னால், பயாப்சியில் வாகுவோல் இல்லாவிட்டாலும் பாலிமயோசிட்டிஸ் என்று எழுதும் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

பாலிமயோசிட்டிஸுக்கு என்ன மிச்சம்? போஹானும் பீட்டரும் 1975-ல் அளவுகோல் வகுத்தபோது அது பெரிய பெட்டி. மேலே சொன்ன ஒவ்வொன்றும் வெளியே எடுக்கப்பட்ட பிறகு பெட்டி காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மட்டும் எழுதுங்கள், எழுதும்போது எதையெல்லாம் தள்ளினீர்கள் என்றும் எழுதுங்கள்.

அழற்சி வேடம் போடுபவை

டிஸ்ஃபெர்லின் குறைபாடு முதலிடம். 20 வயது, பள்ளியில் நன்றாக ஓடியவர், இப்போது கால்விரல் நுனியில் எம்பி நிற்க முடியவில்லை, சிகே பல ஆயிரம். பயாப்சியில் இரத்தக் குழாயைச் சுற்றி லிம்போசைட், செத்த நார்கள், சாகாத நார் உறையிலும் சி5பி-9. ஸ்டீராய்டு தொடங்கி இரண்டு வருடம் ஓடியபின் கண்டுபிடிக்கப்படும் கதை இது. பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் முறையா என்று கேளுங்கள், இரு பக்க மரபணுவும் சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். துண்டில் டிஸ்ஃபெர்லின் சாயம் போடலாம், இரத்த மோனோசைட்டிலும் பார்க்கலாம். முகத்தசையும் தோள்பட்டையும் சேர்ந்து பலவீனம், ஒரு பக்கம் அதிகம், விசிலடிக்க வரவில்லை என்றால் எஃப்எஸ்எச்டி என்ற பரம்பரைத் தசைநோய், அதிலும் அழற்சி தெரியும். எம்எச்சி-1 பாசிட்டிவ் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பரம்பரை நோயைத் தள்ளிவிடக் கூடாது.

ஸ்டீராய்டில் இருப்பவர் திடீரென்று மோசமானால் நோயா, மருந்தா என்ற கேள்வி வரும். ஏடிபேஸ் பிஎச் 9.4-ல் வகை 2 நார்கள் கருப்பு. கருப்பு நார்கள் மட்டும் சிறுத்து, அழற்சியோ செத்த நாரோ இல்லையென்றால் குற்றவாளி மருந்து. கிரானுலோமா (அழற்சிச் செல்களின் முடிச்சு) தெரிந்தால் சார்காய்டு, காசநோய். ஒட்டுண்ணிக் கூடு எப்போதாவது வெட்டில் சிக்கும், ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளணு) கூட்டம் அதற்கு முன்னறிவிப்பு.

படிவமும் பாதுகாப்பும்

லேபுக்குப் போகும் தாளில் வயது, பலக்குறைவு எங்கே எத்தனை மாதம், சிகே எண், எதிர்ப்பொருள் முடிவு, ஸ்டாடின், ஸ்டீராய்டு நாளும் அளவும், தசையின் பெயர், பக்கம், இஎம்ஜி எந்தப் பக்கம், எடுத்த மணி இருக்க வேண்டும். உறையவைத்த மணியை லேப் அதன் பக்கத்தில் எழுதும். "தசை பலவீனம், பயாப்சி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் "அழற்சி உள்ளது" என்றுதான் திரும்பி வரும்.

மிச்ச உறைதுண்டை மைனஸ் 80-ல் வையுங்கள். டிஸ்ஃபெர்லினோ டிடிபி-43-யோ பார்க்க ஆறு மாதம் கழித்துத் தேவைப்படலாம். வேலூர் சிஎம்சிக்கோ பெங்களூரு நிம்ஹான்ஸுக்கோ அனுப்ப நேர்ந்தால் துண்டு உறைந்தபடியே உலர்பனியில் போக வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு 4, 5 கிலோ போடுங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டக் கூடாது, உலர்பனி வாயுவாக மாறி வெடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வாரத்துக்காகத் துண்டுகளைப் பிரித்து, ஒன்றை திரவ நைட்ரஜன் கேனிலும் மற்றொன்றை ஃப்ரீசரிலுமாக வைத்து, எது எங்கே என்று பதிவேட்டில் பென்சிலால் எழுதுங்கள். குளிரிலும் ஈரத்திலும் பேனா மை கலைந்துவிடும்.